அகராதியில இருக்கு சார்!

கோடாலி மறுபடி இறங்கியதில் படுக்கையறைக் கதவின் பலகை பிளந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தவளின் நெற்றியிலிருந்து ரத்தம் செல்போன் மேல் சொட்டியது.

ஊரின் மறுகோடியில், அவசர உதவி மையத்தில், ஆபரேட்டர் பெண் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "போலீஸ் கிளம்பியாச்சு. லைனை வச்சிடாதீங்க. ஐ எய்ன்ட் லீவிங் யூ!"

பின்னால் நின்ற சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார். அழைப்பவரின் குரல் அவர் காதில் விழாது. பேச்செல்லாம் எழுத்தாக ஓடும் திரையைப் பார்த்துத்தான் ஆபரேட்டர்களுக்கு மார்க் போடுவார்.

"எய்ன்ட்டா? கொச்சை இங்கிலீஷ்! அஞ்சு மார்க் கட்! இந்த வார்த்தைக்கு எங்க வீட்டுல அறைதான் விழும்."

"சார், அங்க உயிர் போகுது! இலக்கணமா பேசினா ஏதோ ரெக்கார்டிங்னு நெனச்சு வச்சிடுவாங்க. 'உன்னை விட்டுப் போகமாட்டேன்'னு ஊரே இப்படித்தான் சொல்லுது. அகராதியிலயே இருக்கு சார்."

"கரப்பான்பூச்சிகூடத்தான் அகராதியில இருக்கு. சமையக்கட்டுல விடுவியா?"

திரையில் அடுத்த வரி ஓடியது. 'கதவு உடைந்துகொண்டிருக்கிறது. என் கணவர் என்னைக் கொல்லாமல் விடமாட்டார். தயவுசெய்து விரைந்து வாருங்கள்.'

"பாத்தியா? சாகப்போற நேரத்துலயும் ஒரு வார்த்தை பிசகல. எவனோ ஒழுங்கா வளர்த்திருக்கான்!"

ஆபரேட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைப் பேச்சிலேயே நிறுத்திவைக்கப் பெயரைக் கேட்டாள்.

பெயர் திரையில் வந்து விழுந்தது.

சூப்பர்வைசரின் பேனா தரையில் உருண்டது. ஆபரேட்டரின் தலையிலிருந்து ஹெட்போனைப் பிய்த்தெடுத்து, மைக்கைக் கடித்துவிடுவதுபோல் கத்தினார். "ஐ எய்ன்ட் லீவிங் யூ! கேக்குதா? ஐ எய்ன்ட் லீவிங் யூ!"

கதவு மொத்தமாகச் சாய்ந்தது. ஓர் அலறல். கண்ணாடி நொறுங்கியது. சைரன், தடதடவென்று பூட்ஸ் கால்கள், "கீழ போடுடா!" என்ற அதட்டல், இரும்பு தரையில் மோதும் சத்தம்.

அப்புறம் வெறும் மூச்சு. யாருடையது என்று தெரியாமல் சூப்பர்வைசர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

விக்கலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"தப்பு இங்கிலீஷ், அப்பா."