எட்டாம் வார்டுக் கேள்வி

“இன்னும் கொஞ்சம் கோபமா கேளும்மா. நாளைக்குக் கூட்டத்துல யாரும் இப்படிக் கெஞ்சிக்கிட்டு நிக்க மாட்டாங்க. சட்டையைப் பிடிக்கிற மாதிரி வரணும்!”

மேஜை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னார் துணைத்தலைவர். நகராட்சிக் கூட்ட அரங்கில் அவரையும் தலைவரையும் விட்டால் அந்தப் பெண் மட்டும்தான். காலி நாற்காலிகளுக்கு நடுவே, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை இதே அரங்கில், ஊர்மக்கள் முன்னால் தலைவர் தன் சாதனை அறிக்கையை வாசித்தாக வேண்டும். பூங்கா, பேருந்து நிலையக் கூரை, தெருவிளக்கு என்று எல்லாம் பளபளப்பாகப் புத்தகமாகவே அச்சாகிவிட்டன. தொண்டையில் சிக்கிய முள் ஒன்றே ஒன்றுதான். எட்டாம் வார்டு. அங்கே மூடி இல்லாத மழைநீர் வடிகாலில் விழுந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் செத்துப்போயிருந்தாள். அந்தக் கேள்விக்குத் தலைவர் தடுமாறினால் நாற்காலி ஆடிவிடும். உறுப்பினர்களில் பாதிப் பேர் அதற்காகவே நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குத்தான் துணைத்தலைவரின் இந்த யோசனை. பக்கத்து ஊர் நாடகக் குழுவிலிருந்து ஒரு நடிகையை வரவழைப்பது. செத்த பெண்ணின் அம்மாவாக அவளைக் கேள்வி கேட்க வைத்துத் தலைவரைத் தயார் செய்வது.

வந்த விதமே அசத்தல். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள், “நான்தாங்க அந்தப் பொண்ணோட அம்மா. உங்களை ஒரு வார்த்தை கேக்கணும்” என்றாள்.

துணைத்தலைவர் கைதட்டியே விட்டார். “பார்த்தீங்களாண்ணே! ஒரு வணக்கம்கூடக் கிடையாது, நேரா வேஷத்துல குதிச்சுட்டாங்க!”

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாளைக்கு ஜனங்க கேக்கப்போறதை இன்னிக்கு நீ கேளு. அண்ணன் பதில் சொல்லிப் பழகிக்குவார். புரியுதா?”

துணிப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு, “புரியுதுங்க” என்றாள்.

முதல் தடவை கேட்டபோது குரலே எழும்பவில்லை. அதனால்தான் துணைத்தலைவரின் அந்த அதட்டல். இப்போது நிமிர்ந்து நின்றாள்.

“அந்த மூடி எங்கே போச்சு?”

தலைவர் கனைத்துக்கொண்டார். “தாயே, உங்கள் துயரத்தில் இந்த நகராட்சியே பங்கு கொள்கிறது. மூடியைச் சமூக விரோதிகள் திருடிச் சென்றுவிட்டார்கள். புகார் கொடுத்திருக்கிறோம்.”

“பங்கு கொள்றீங்களா? உங்கள்ல ஒருத்தராவது எங்க வாசப்படி ஏறினீங்களா?”

“அடி சக்கை!” என்றார் துணைத்தலைவர். “அண்ணே, நாம போகல இல்ல?”

“எங்கேய்யா போறது? போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு நீதானே கையைப் பிடிச்சு இழுத்தே? அந்தம்மா கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது.”

“அப்போ, ‘வந்தோம், வீடு பூட்டியிருந்துச்சு’ன்னு அடிச்சு விடுங்க.”

தலைவர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

“திருடன் கதை எடுபடாதுங்க” என்றாள் அவள், மெதுவாக. “அது சிமென்ட் மூடி. தூக்கவே நாலு ஆள் வேணும். நான் உங்களை நல்லா மடக்கணும்னா நடந்தது எனக்குத் தெரியணும். நிஜமா என்ன ஆச்சு?”

தலைவர் தயங்கினார்.

“சும்மா சொல்லுங்கண்ணே. வெளியூர்க்காரங்க. நாளைக்கு வேற ஊர்ல வேற வேஷம்.”

“ஒண்ணுமில்லம்மா. பூங்காவைத் திறக்க அமைச்சர் வந்தார். அவர் கார் வர்ற ரோட்டுல வடிகால் மூடியெல்லாம் உடைஞ்சு பல்லிளிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. எட்டாம் வார்டுக்குள்ள அமைச்சர் எட்டியா பார்க்கப்போறார்? அங்கே இருந்ததைப் பெயர்த்து இங்கே போட்டோம்.”

“பெயர்க்கச் சொன்னது யாரு?”

“நான்தான். இந்த ஊர்ல என்னைக் கேக்காம ஒரு கல்லு நகருமா?”

“அமைச்சர் போனதும் திரும்ப எடுத்துட்டுப் போய்ப் போடலையா?”

“மறந்தே போச்சும்மா.”

துணைத்தலைவர் குலுங்கிச் சிரித்தார். “எப்படிண்ணே போடுறது? அந்த ரோட்டைத்தானே படம் புடிச்சு, ‘புதுப்பிக்கப்பட்ட வடிகால்’னு சாதனைப் புத்தகத்துல போட்டிருக்கோம்!”

அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “எல்லாம் சரி, இங்கேதான் கோட்டை விட்டுட்டே. பெத்தவ இப்படியா அழுவா? வாயைப் பொத்திக்கிட்டு, சத்தமே இல்லாம? வயித்துல அடிச்சுக்கிட்டுத் தரையில புரள வேண்டாமா? நம்புற மாதிரியே இல்லையேம்மா.”

“சரிங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு அழல. நீங்க சொன்னதை மட்டும் எல்லார் முன்னாடியும் கேக்குறேன்.”

“நாளைக்கு உனக்கு வேலை இல்லம்மா, இன்னிக்கு மட்டும்தான்” என்று துணைத்தலைவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார். “கெட்டிக்காரிதான்யா. மனசுல இருந்த பயமே போயிடுச்சு. நாளைக்கு அந்த அம்மாவே நேர்ல வந்து நின்னாலும் ஒரு கை பார்த்துடுவேன்.”

கதவு திறந்தது. கையில் ஒப்பனைப் பெட்டியோடு, மூச்சிரைக்க ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் ஐயா, வழியில பஸ் நின்னுடுச்சு. பொண்ணைப் பறிகொடுத்த அம்மா வேஷம்னு நாடகக் குழுவுல சொல்லி அனுப்பினாங்க... ஆரம்பிக்கலாமா?”