வரிசையில் கடைசிப் பையன்

“எங்கம்மாவ அழ வேண்டாம்னு சொல்றியா, பாப்பா?”

ஓவியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாலு வயசுகூட இருக்காது, இந்தப் பொடியன் அவளைப் பாப்பா என்கிறான்!

“நான் ஒண்ணும் பாப்பா இல்ல. ஃபிஃப்த் கிரேட். நீ யாரு? உன் ஜாக்கெட் எங்க?”

பையன் மண்குடம் ஒன்றை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அது தளும்பித் தளும்பி அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. நியூ ஜெர்சிக் குளிரில், கணுக்கால் புதையும் பனியில், வெறும் பருத்திச் சட்டை.

தொண்ணூற்றாறாம் வருடக் கிறிஸ்துமஸ் லீவு அது. அபார்ட்மெண்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அப்பா ஆபீஸ் வேலையாக சான் ஹோசே போயிருந்தார். இருந்த ஒரே தோழி பிரிட்டாவும் லீவு விட்டதும் எங்கோ கிளம்பிவிட்டாள். வீட்டுக்குள் அம்மா சாரதா ஃபோனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். விளையாட ஆளில்லாமல் ஓவியா கட்டிடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு பனிமனிதன் செய்துகொண்டிருந்தாள். பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

“எல்லாரும் முன்னால போயிட்டாங்க” என்றான் பையன். “எனக்குத்தான் நடக்க முடியல. ரொம்பக் கனக்குது.”

அவன் பார்த்த பக்கம் ஓவியாவும் பார்த்தாள். இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே குழந்தைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாமே சின்னஞ்சிறுசுகள். ஒன்றுகூடப் பேசவில்லை. எல்லாருக்கும் முன்னால், மரத்தில் பாதி உயரம் வளர்ந்தவளாக, வெள்ளை உடுப்பில் ஒருத்தி மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.

ஓவியாவுக்கு பிரிட்டா சொன்ன கதை ஞாபகம் வந்தது. பிரிட்டா ஜெர்மன்காரர்கள் வீட்டுப் பெண். லஞ்ச் டேபிளில் ஒருநாள் கிசுகிசுத்திருந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து வரும் நாட்களில் பெர்ஷ்டா என்கிறவள் பனியில் நடப்பாளாம். சின்ன வயதிலேயே செத்துப்போன குழந்தைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போவாளாம்.

ஓவியா பையனின் காலுக்குப் பின்னால் பார்த்தாள். போட்ட கோலமாவு போலப் பனி கலையாமல் கிடந்தது. ஒரு காலடித் தடம் இல்லை.

ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் பையனின் உதடு பிதுங்கியது. இவனுக்கும் யாரும் இல்லை என்று தோன்றியதும் அவளால் நகர முடியவில்லை.

“குடத்துல என்ன?”

“அம்மா அழற தண்ணி. அழுதா இதுலதான் வந்து ரொம்புது. கீழ ஊத்துனாலும் மறுபடி ரொம்பிக்குது.”

“உங்கம்மா பேரென்ன?”

“அம்மா.”

“வீடு எது?”

பையன் தாடையால் காட்டினான். ஓவியா குடியிருந்த அதே கட்டிடம்.

“சொல்றேன். ப்ராமிஸ்.”

அவன் குடத்தை இறுக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போனான். வரிசை மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் அவன் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தான்.

அந்தக் கட்டிடத்தில் அழுகிறவர் யார் என்று ஓவியாவுக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜலஜா ஆன்ட்டி. சென்னையிலிருந்து இந்த வருடம்தான் வந்தவர். லாண்டரி ரூமில் துணி மடிக்கும்போதுகூட அழுவார்.

கதவைத் திறந்தபோதும் ஆன்ட்டியின் கண்கள் சிவந்திருந்தன. ஓவியா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஆன்ட்டி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“எனக்குக் குழந்தையே பொறக்கலம்மா. இங்க பேசறதுக்கு ஒரு ஆளு கிடையாது. ஊருக்கு ஃபோன் பண்ணா பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ஃபோன் கார்டுல காசு தீந்துடுது. அதான் அழறேன்.” கொஞ்சம் தயங்கி, “நாளைக்கு வரியா? ரெண்டு பேருமா ஸ்னோமேன் பண்ணலாம்” என்றார்.

தலையாட்டிவிட்டு ஓவியா வீட்டுக்கு வந்தாள். இனி யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பையன் குளிரில் குடத்தோடு நடந்துகொண்டே இருப்பானே!

“எங்க கண்ணு போன? மூக்கப் பாரு, தக்காளிப்பழமாட்டம்!” சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கலகலவென்று சிரித்தாள்.

“அம்மா, ஒரு சின்னப் பையன்கிட்ட ப்ராமிஸ் பண்ணிட்டேன். அவங்கம்மா யாருன்னே தெரியல.”

அம்மா சிரித்த முகத்தோடுதான் கேட்க ஆரம்பித்தாள். குடத்தில் இருப்பது அம்மா அழுத தண்ணீர் என்றதும் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. கனக்கிறது, நடக்க முடியவில்லை என்று பையன் சொன்னதைச் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்தாள். காலில் ஒன்றும் போடாமல், பின்கதவைத் தள்ளித் திறந்து பனிக்குள் இறங்கினாள்.

“முகிலா!” மரங்களைப் பார்த்துக் கத்தினாள். “அம்மா இனி அழமாட்டேன் சாமி! பாத்ரூமுல தண்ணியத் தொறந்து விட்டுட்டுக்கூட அழமாட்டேன்! நீ ஓடு சாமி, ஓடிப் போய் எல்லாத்தோடயும் சேந்துக்க!”

ஓவியா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“முகிலன் யாரும்மா?”

“உன்ற அண்ணன், கண்ணு. நீ பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டான்.”