ஒன்பதாம் பெட்டுக்கு வந்த போன்

“ஒன்பதாம் பெட்டுக்கு யாரு போன் பண்ணினது?”

லேபுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார் சீஃப் டாக்டர். பெரியக்கா ரத்த சாம்பிள் குழாய்களை அடுக்குவதில் மும்முரமானாள்.

ஆறு மாதமாகவே அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்குக் கிட்னி பழுதாகப் போகிறதா என்று இரண்டு நாள் முன்பே காட்டிக்கொடுக்கும் புது டெஸ்ட் வந்தது. அதை முப்பது வருஷ சர்வீஸ் உள்ள அவளுக்குக் கொடுக்காமல், நேற்று முளைத்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அவளை எல்லோரும் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். “புதுசு கை பட்டா மெஷின் சொன்ன பேச்சு கேக்குது” என்ற பாராட்டு வேறு!

எங்கேயாவது சறுக்க மாட்டாளா? புதுசு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் பெரியக்கா அவளுடைய ரிசல்ட் தாள்களைப் புரட்டுவாள். ஒரு தப்புக்கூடக் கிடைத்ததில்லை.

“இது ஆராய்ச்சி. முடியற வரைக்கும் எந்த ரிசல்ட்டும் வார்டுக்குப் போகக் கூடாதுன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கேன்” என்றார் சீஃப். “முந்தாநாள் ஒரு பொம்பளைக் குரல், ‘ஒன்பதாம் பெட்டுக்குக் கிட்னி போகப்போகுது, இப்ப போடற ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்துங்க’ன்னு சொல்லிட்டு வெச்சிருக்கு. யாரு அது?”

லேபில் இருந்த பெண்களே இரண்டு பேர்தான்.

“நான்தான் சார்” என்றாள் புதுசு.

பெரியக்கா கையிலிருந்த குழாயை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எப்படிக் கூசாமல் சொல்கிறாள்!

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒன்பதாம் பெட்காரரின் மனைவி வந்துவிட்டாள். “என் வீட்டுக்காரரைக் காப்பாத்தின மகராசி யாரும்மா?”

சீஃபின் பார்வை போன திசையைப் பார்த்து, புதுசின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஊசியை மாத்தினதும் மூத்திரம் நல்லாப் பிரியுதாம். டயாலிசிஸே வேண்டாம்னுட்டாங்க. நீ நல்லா இருக்கணும் கண்ணு!”

முப்பது வருஷத்தில் பெரியக்காவின் கையை ஒருத்தரும் அப்படிப் பிடித்ததில்லை. நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

அந்த அம்மா போனதும் சீஃப் குரலைத் தாழ்த்தினார். “உசுரு பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ரூல் ரூல்தான். நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம். பெரியக்கா, இனிமே அந்த மெஷின் உங்க பொறுப்பு.”

ஆறு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. ஏனோ இனிக்கவில்லை.

புதுசு தன் சாமான்களைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். பெரியக்காவால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் போய் அடிக்குரலில் சீறினாள். “செய்யாத வேலையைச் செஞ்சேன்னு எதுக்குடி ஒத்துக்கிட்ட? பேரு வாங்கணும்னுதானே?”

புதுசு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நீங்க போன் பேசினப்போ நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்க்கா. எனக்கு வேற வேலை கிடைச்சிடும். உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு மாசம்தானே இருக்கு!”