உள்ளே ஆள்

“அக்கா, ஒரே ஒரு கதவு மோட்டார். ஸ்டோர்ல இல்லேன்னா வேற யார் வண்டியிலயாவது இருக்கான்னு பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். காலையிலிருந்து அலைந்ததில் உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது.

“ஒண்ணு இருக்கு தம்பி, நம்மாளு ஒருத்தர்கிட்ட. கேட்டேன். ‘இப்போ மாட்டப் போறேன், தர முடியாது’ன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு” என்றாள் ஸ்டோர் அக்கா.

“வேலையை முடிக்காம நான் கிளம்ப முடியாதுக்கா. அப்பாவை இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்புறாங்க. முட்டி ஆபரேஷன் ஆன மனுஷன், மத்தியானத்திலேருந்து சட்டையை மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. என்னை விட்டா அவருக்கு யாரு?”

“புரியுதுப்பா. ஆனா ஒருத்தர் கையிலேருந்து பிடுங்கணும்னா நீ ‘உள்ளே ஆள்’னு போட்டாகணும். உள்ளே ஆள் மாட்டிக்கிட்டு இருக்கா?”

எட்டிப் பார்த்தான். லிஃப்டுக்குள் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. விடுமுறைக்குப் பூட்டிய கிடங்கு அது. ஈ காக்கை இல்லை.

“இருக்குக்கா.”

அக்கா பெருமூச்சு விட்டாள். “சரி, போட்டுடு.”

செல்போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து ‘உள்ளே ஆள்’ என்ற கட்டத்தைத் தட்டினான். மனது உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தக் கம்பெனியில் யாருக்கு அவசரம் என்றாலும் அதைத்தான் தட்டுவார்கள். அவர்கள் போடுவதையெல்லாம் நம்பினால் ஊரில் பாதிப் பேர் லிஃப்டுக்குள்தான் குடியிருக்க வேண்டும். யாரிடமிருந்து பொருள் வருகிறது என்று கேட்கும் வழக்கமும் இல்லை. கேட்டால், மறுநாள் முகம் பார்த்துப் பேச முடியாது.

கதவு மோட்டார் ஒருவர் பைக்கில் வந்து சேர்ந்தது. மாட்டினான், கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தான், ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

“வந்துட்டியா? என்னால உன் வேலை கெடலையே?” என்றார் அப்பா.

“இல்லப்பா” என்றான். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாதிக் களைப்பு போய்விட்டது.

வீடு வந்ததும் அவரைப் பதமாக இறக்கி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். அவர்கள் இருப்பது ஆறாவது மாடி. லிஃப்ட் வாசலில் கதவு பாதி திறந்து கிடக்க, கீழ்ப்படியில் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தான் அவனோடு வேலை பார்க்கும் ஒல்லி.

“நீ இங்க என்னடா பண்றே?”

“நீ கிளம்பின பிறகு உங்க லிஃப்ட் படுத்துடுச்சு. சொன்னா பதறுவேன்னு சொல்லலை. அப்பா வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு, நாய் அலைச்சல் அலைஞ்சு ஒரு கதவு மோட்டார் பிடிச்சேன்டா. மாட்டப் போற நேரத்துல எவனோ ‘உள்ளே ஆள்’னு போட்டு இழுத்துக்கிட்டான். இனிமே லீவு முடிஞ்சுதான்.”

மெக்கானிக் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முட்டியில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டே அப்பா கேட்டார்: “நம்ம கஷ்டம் கிடக்கட்டும்ப்பா. உள்ளே மாட்டிக்கிட்ட அந்தப் பாவப்பட்ட மனுஷன் பத்திரமா வெளிய வந்துட்டாரா?”