பட்டியலில் ஒரு பிழை

காரிமங்கலம் நூலகத்தின் புத்தகப் பட்டியலில், ஒரே எழுத்தாளரின் வெவ்வேறு பெயர்களைப் புது சாஃப்ட்வேர் தானாகவே இணைத்துக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்த நூலகர் சுகுணாவுக்கு வியர்த்துவிட்டது. நாவலாசிரியர் பெரியண்ணனையும், அவர் நாவல்களைக் கிழித்துத் தொங்கவிடும் விமர்சகர் ‘நெருஞ்சி’யையும் அது ஒரே ஆளாக்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணனே வந்து நின்றார். திரையைப் படித்ததும் அவர் உதடு துடித்தது.

“மன்னிச்சிருங்க ஐயா. போயும் போயும் அந்த ஆளோட உங்களைச் சேர்த்துருச்சு. புகார் மட்டும் குடுத்துராதீங்க, இப்பவே பிரிச்சர்றேனுங்க.”

“சீக்கிரம் பிரிங்கம்மா.”

சுகுணா பிரித்து முடித்ததும், அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“நெருஞ்சி நான்தான்னு எங்க வூட்டுல சம்சாரத்துக்கே தெரியாதுங்க. இந்த மெஷினுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”