உறுப்பினரின் சம்மதம்

கருவாட்டு வியாபாரி நூர்முகமதுவின் வீட்டைத் தேடி ஜீப்பில் புதுப்பட்டினம் வந்து சேர்ந்த அதிகாரி ராமானுஜம், ஊருக்குப் புதியவர். வாசலில் தொங்கிய திரையைப் பார்த்துத்தான் பேசவேண்டியிருந்தது. பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா வீடு என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா, மீன்பிடிச் சட்டத்துக்கு யோசனை சொல்ல அரசாங்கம் ஆலோசனைக் குழு அமைச்சிருக்கு. உங்க வீட்டுக்காரரும் அதுல உறுப்பினர். இதுல அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க."

திரைக்கடியில் நீட்டிய காகிதத்தை நூர்முகமதுவின் மனைவி லத்தீஃபா உள்ளிருந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

"இன்னா எழுதிக்கீது சார்?"

"விசைப்படகுங்க கரையோரமாவே மீன் பிடிக்கலாம்னு குழு சிபாரிசு பண்ணுது."

"கட்டுமரத்துக்காரங்க வலையெல்லாம் அறுந்து பூடுமே! அவரு இதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு."

நாளைக்கே கோப்பு மந்திரியிடம் போயாக வேண்டும். ராமானுஜம் கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"முந்தாநாள் செங்கல்பட்டுக் கூட்டத்துல முதல் ஆளா கை தூக்கினதே அவர்தாம்மா! கையெழுத்துப் போடத்தான் மறந்துட்டார்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பக்கத்துலயே உக்காந்திருந்தேனே!"

திரை அசையவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது.

"அவரு மௌத்தாகி ரெண்டு மாசம் ஆவுது சார். புருசன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாளு வூட்டோடவே இருக்கணுமே, அந்த இத்தா இருந்துகினு கீறேன், அதான் வெளியில வரல. இத்தா முடிஞ்சதும் நேரா கோட்டைக்கே வரேன். செத்தவரு எப்படிக் கை தூக்கினாருன்னு மந்திரி முன்னால நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தக் காயிதம் எங்கிட்டயே இருக்கட்டும்!"