மாங்குயில் படம்

பறவைகளை வரைந்து புத்தகம் போடும் ஒரு துரையின் மேசையில் மாங்குயில் படம் ஒன்று கிடந்தது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த மாங்குயில் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு அழகா இருக்கீங்க அக்கா. என்னையும் வரைவாரா?"

"போயிடும்மா," என்றது படம். "என்னைச் சுட்டுக் கொன்ன பிறகுதான் வரைஞ்சார். இந்தக் கிளையில நானா உட்காரல. செத்த உடம்பைக் கம்பியால கட்டி நிறுத்தினார்."

மாங்குயில் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "கம்பி தெரியவே இல்லையே," என்றது. பிறகு இறகைக் கோதிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

துரை துப்பாக்கியோடு வந்தார்.

மறுநாள் மேசையில் இன்னொரு படம் காய்ந்துகொண்டிருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டது பழைய படம்.

"அதை விடுங்க அக்கா," என்றது புதிய படம். "உங்க மஞ்சளைவிட என் மஞ்சள் கொஞ்சம் மங்கலோ?"